பெட்டிக்குள் வைத்தவரும் பக்கத்தில் நின்றவரும்

2021 அக்டோபர் 2-ஆம் தேதி, மும்பையிலிருந்து கோவாவுக்குப் புறப்படவிருந்த கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பல் பயணிகளிடம் மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு சோதனை நடத்தியது. 13 கிராம் கோகைன், 5 கிராம் மெபெட்ரோன், 21 கிராம் சரஸ் எனும் கஞ்சாப் பிசின், 22 எம்.டி.எம்.ஏ. மாத்திரைகள் சிக்கியதாக அறிவித்தது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த வழக்கில் அடுத்தடுத்த நாட்களில் கைதானவர்கள் இருபது பேர். அவர்களில் ஒருவரான, நடிகர் ஷாருக் கானின் மகன் ஆர்யன் கானிடம் எதுவும் கைப்பற்றப்படவில்லை. உடன் வந்த நண்பரிடம் சரஸ் இருந்தது என்பதுதான் புகார். அக்டோபர் 3-இல் கைதானவர், 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்து, 30-ஆம் தேதிதான் சிறையிலிருந்து வெளியே வந்தார். 2022 மே மாதம் தாக்கலான குற்றப்பத்திரிகையில் பதினான்கு பேர் பெயர் இருந்தது; அவர் உட்பட ஆறு பேர் மீது போதிய ஆதாரம் இல்லை என்று விடப்பட்டது.

அந்தச் செய்தி பல வாரங்கள் ஓடியது. நட்சத்திரக் குடும்பம், பணம், அரசியல் என்று பேச்சு எங்கெங்கோ போனது. பேசப்படாமல் போனது ஒன்று உண்டு. விடுமுறைக்குக் கப்பல் ஏறும் ஒருவர், தான் மட்டும் உபயோகிக்கத்தானே என்று ஒரு சிறு பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். அது அவருடைய சொந்த விஷயம்தானா?

சொந்த விஷயம்தான் என்று வாதிடுபவர்களை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. அவர்கள் சொல்வதில் வலு இருக்கிறது. வயது வந்த மனிதர்; உடம்பு அவருடையது; பிடிபட்டால் தண்டனையும் அவருக்கு. அதே கப்பலில் விடிய விடிய மது விற்கப்படுகிறது, சூதாட்டக் கூடம் திறந்திருக்கிறது. குடித்துவிட்டு மேல்தளத்தில் தள்ளாடுபவரைவிட, அறையில் அமைதியாகக் கஞ்சா புகைப்பவர் யாருக்கு என்ன கெடுதல் செய்துவிட்டார்? நிலத்தில், தன் வீட்டில், தனியாக வாழும் ஒருவரைப் பற்றி இதைக் கேட்டால் பதில் சொல்வது கடினம்தான். கப்பலில் நிலைமை வேறு.

கரையை விட்டதும் சட்டம் கரையிலேயே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கூடவே வருகிறது, அதுவும் ஒன்றல்ல, பல. பனாமாவிலோ பஹாமாஸிலோ பதிவான கப்பலில் அந்தக் கொடியின் நாட்டுச் சட்டம் செல்லும். துறைமுகத்துக்கு வந்தால் துறைமுக நாட்டின் சட்டம். கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் வெறுமனே கடந்துபோகும் அயல்நாட்டுக் கப்பலில் நடந்த குற்றத்தில் கரைநாடு பொதுவாகத் தலையிடுவதில்லை, ஆனால் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 27-ஆம் உறுப்பு சொல்லும் விதிவிலக்குகளில் போதைப்பொருள் கடத்தலும் ஒன்று.

அமெரிக்காவின் சியாட்டிலில் கஞ்சா வைத்திருக்கலாம். அலாஸ்காவிலும் வைத்திருக்கலாம். வழியில் கப்பல் நிற்கும் கனடாவின் விக்டோரியாவிலும் 2018 முதல் அதற்குத் தடையில்லை. ஆனால் இந்த மூன்று இடங்களையும் இணைக்கும் கப்பலில் அதை வைத்திருக்கக் கூடாது. மாநிலம் அனுமதித்ததை அமெரிக்க மத்தியச் சட்டம் இன்னும் அனுமதிக்கவில்லை. முதல் முறை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை, குறைந்தது 1,000 டாலர் அபராதம் என்று அது சொல்கிறது.

தமிழர்களுக்கு நெருக்கமான வழித்தடம் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துத் திரும்புவது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. 2025-இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று விதியை இறுக்கியது. புக்கெட்டில் வெளிச்சம் போட்டு விற்கும் அந்தச் சரக்கோடு சிங்கப்பூரில் இறங்குபவருக்கு என்ன ஆகும்? 15 கிராமைத் தாண்டினால், விற்பதற்காகவே வைத்திருந்தார் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவரின் பொறுப்பு. 500 கிராமுக்கு மேல் கடத்தியதாக முடிவானால் மரணதண்டனை வரை போகலாம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் புகைத்திருந்தால்கூட ஊர் திரும்பியதும் குற்றம். இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும், இந்தியக் குடிமக்கள் அயல்நாட்டில் இருந்தாலும் தனக்கு உட்பட்டவர்கள்தான் என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. இந்தியாவில் பதிவான கப்பலில் யார் இருந்தாலும், கப்பல் எங்கே இருந்தாலும் அது பொருந்தும்.

இப்படித் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும் ஒன்றை அறம் என்று சொல்ல முடியாது. புக்கெட்டில் பாவமில்லாதது சிங்கப்பூரில் பாவமாகிவிடாது. சட்டம் தடுக்கிறது, ஆகவே தவறு என்று முடிப்பவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். தவறு எங்கே இருக்கிறது என்று பார்க்க, பொட்டலம் வைத்திருப்பவரை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டும்.

கப்பல் அறை சிறியது. பெரும்பாலும் இருவர் அல்லது நால்வர் ஒரே அறையில். ஒரே அலமாரி, ஒரே குளியலறை, ஒருவர் பெட்டியின் மேல் இன்னொருவர் பெட்டி. சோதனை வந்தால் அறையில் கிடைத்தது யாருடையது என்ற கேள்வி எல்லோரையும் சேர்த்தே எழும். சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இதில் மிகத் தெளிவாக இருக்கிறது: ஒருவர் வைத்திருப்பதை மற்றவர்கள் அறிந்து, சம்மதித்திருந்தால், அது அத்தனை பேர் வசமும் இருந்ததாகவே கொள்ளப்படும். இந்தியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும், தன் பொறுப்பில் உள்ள இடத்தைத் தெரிந்தே குற்றத்துக்குப் பயன்படுத்த விட்டவரைத் தண்டிக்கிறது. தெரியாதவருக்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் தெரியாது என்பதை நம்பவைக்க எத்தனை நாள் ஆகும், எவ்வளவு பணம் ஆகும், அதற்குள் வேலை போகுமா, கல்லூரி இடம் போகுமா என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. ‘என் அபாயம், என் முடிவு’ என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. அபாயத்தில் பாதி மற்றவர்களுடையது. முடிவில் அவர்களுக்குப் பங்கே தரப்படவில்லை.

அபாயம் சிறையோடு நிற்பதும் இல்லை. 2002 செப்டம்பர் 23-ஆம் தேதி சிட்னியிலிருந்து ‘பசிபிக் ஸ்கை’ என்ற கப்பல் புறப்பட்டது. பிரிஸ்பேனைச் சேர்ந்த 42 வயதுப் பெண் ஒருவர், மூன்று பிள்ளைகளின் தாய், தன் மகளோடும் சகோதரியோடும் அதில் ஏறியிருந்தார். மறுநாள் காலை, முன்பின் அறிமுகமில்லாத ஆண்கள் தங்கியிருந்த அறையில் இறந்துகிடந்தார். பயணம் தொடங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை. அவர் உடலில் ஜி.எச்.பி. என்ற போதை மருந்தும் மதுவும் இருந்தன. நிறமில்லாத அந்தத் திரவத்தில் கிறக்கத்துக்கும் நினைவிழப்புக்கும் இடையே உள்ள அளவு வித்தியாசம் மிகக் குறைவு. மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். அதை யாரோ உல்லாசத்துக்காகத்தான் கப்பலுக்குக் கொண்டுவந்தார். விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இறந்தவர் எப்படி அந்த அறைக்குப் போனார், எதை அறிந்து உட்கொண்டார், உதவிக்கு ஏன் உடனே ஆள் கூப்பிடவில்லை என்று நீண்ட கேள்விகள். இறப்பு நிகழ்ந்த அறையைக்கூடக் கப்பல் ஊழியர்கள் முறையாகப் பாதுகாக்கவில்லை. கடைசியில் 2010-இல், மருந்தைக் கொடுத்தவர் கொடுத்ததை மட்டும் ஒப்புக்கொண்டார். மரணம் விளைவித்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. சிறைத் தண்டனை இல்லை. கடலில் நடக்கும் குற்றங்களை விசாரிக்கும் முறை குறித்து ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2013-இல் தனி அறிக்கையே வெளியிட்டதற்கு இந்த மரணமும் ஒரு காரணம். கொண்டுவந்தவருக்குக் கொலை எண்ணம் இருந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அவர் பெட்டியில் அது இல்லாதிருந்தால் அந்தப் பெண் அதைக் குடித்திருக்க வழியில்லை.

நடுக்கடலில் மருத்துவமனை என்பது ஓரிரு மருத்துவர், சில செவிலியர், சில படுக்கைகள். ஹெலிகாப்டர் எட்டும் தூரத்தில் கரை இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. எம்.டி.எம்.ஏ. உடல் வெப்பத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். தாகத்தில் அளவு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரும். இதற்கெல்லாம் சிகிச்சை செய்ய, என்ன உட்கொண்டார் என்பது மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டும். அந்த நேரத்தில்தான் நண்பர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். ‘ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லி அறையிலேயே படுக்க வைக்கிறார்கள். பிடிபடும் பயம் இந்த மௌனத்தைத் தருகிறது. மறைத்து எடுத்துச் செல்வதன் மிகப் பெரிய கேடு அதுதான்: உயிர் போகும் தருணத்திலும் உண்மை பேச முடியாத இடத்துக்கு அது ஆட்களைத் தள்ளுகிறது.

இன்னொருவரும் இருக்கிறார், பயணிகளின் கண்ணில் படாதவர். தினம் அறையைத் துடைத்து விரிப்பு மாற்றும் ஊழியர். இந்தியாவிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ பல மாத ஒப்பந்தத்தில் வந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர். தலையணைக்குக் கீழே பொட்டலத்தைப் பார்த்தால் அவர் மேலதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் பயணியின் கோபம். சொல்லாமல் விட்டுப் பின்னால் தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. கையில் ஐம்பது டாலரைத் திணித்து ‘பார்க்காதது போல இருந்துவிடுங்கள்’ என்று கேட்கும் பயணி, தன் நான்கு நாள் கேளிக்கைக்கு அவருடைய பிழைப்பைப் பணயம் வைக்கிறார்.

மது விற்கும் கப்பலில் கஞ்சாவுக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்பவர்கள் அந்தக் கேள்வியை உரக்கவே கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சட்டத்தை எதிர்ப்பதற்கும் சட்டத்திலிருந்து ஒளிவதற்கும் வித்தியாசம் உண்டு. 1930-இல் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் ஊரறியச் சொல்லிவிட்டு உப்பு அள்ளினார்கள். சிறைக்குப் போகத் தயாராக வந்தவர்கள் மட்டுமே வரிசையில் நின்றார்கள். சாக்ஸுக்குள் சுருட்டி வைத்த பொட்டலத்தில் அந்த எதிர்ப்பு இல்லை. விலையைத் தான் கொடுக்காமல், தேவைப்பட்டால் பக்கத்தில் இருப்பவர் கொடுக்கட்டும் என்ற ஏற்பாடுதான் இருக்கிறது.

மருத்துவத் தேவைக்காகக் கஞ்சா எடுப்பவர்களின் நிலை மட்டும் உண்மையிலேயே கடினமானது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் புற்றுநோய் சிகிச்சையின் குமட்டலுக்கும் தீராத வலிக்கும் மருத்துவர் பரிந்துரையோடு அதை வாங்குகிறார்கள். பெரிய கப்பல் நிறுவனங்கள் அந்தச் சீட்டையும் ஏற்பதில்லை. வலியோடு இருக்கும் ஒருவரைக் குற்றவாளியோடு சேர்த்து நிறுத்தும் இந்த விதி இரக்கமற்றது, மாற வேண்டியது. மாறும்வரை, மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்பதும், அறையில் உடன் தங்குபவரிடம் மறைக்காமல் இருப்பதும் அவருக்கு மீதமுள்ள வழிகள்.

அரசின் பக்கமும் சுத்தமாக இல்லை. ஒரே கப்பலில் பயணம் செய்ய இருந்தார்கள் என்பதை மட்டும் வைத்துக் கூட்டுச்சதி என்று சொல்லிவிட முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் மும்பை வழக்கின் ஜாமீன் உத்தரவில் எழுத வேண்டியிருந்தது. சோதனையை நடத்திய மண்டல அதிகாரி மீதே, பணம் கேட்டு மிரட்டியதாக 2023 மே மாதம் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது, அவர் அதை மறுக்கிறார். அதிகாரம் இப்படியும் பயன்படக்கூடும் என்பது பொட்டலம் கொண்டுபோகிறவரைக் குற்றமற்றவராக்கிவிடாது. மாறாக, அவர் பொறுப்பு கூடுகிறது. அநியாயமாகவும் பாயக்கூடிய ஒரு சட்டத்தின் முன்னால், எதுவும் அறியாத நண்பனைக் கொண்டுபோய் நிறுத்துவது எப்படி நட்பாகும்?

அறிந்த நண்பனின் கடமை வேறு. பயணத்துக்கு முந்தைய இரவு ‘கொஞ்சம் வைத்திருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், கேட்டவர் அந்தக் கணத்திலிருந்து வெறும் பார்வையாளர் இல்லை. போலீஸுக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டால், முதல் பதில் அதுவல்ல. ‘இதை விட்டுவிட்டு வா, இல்லையென்றால் நான் வரவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் முதல் பதில். பெரும்பாலோர் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள், கூட்டத்தில் ஒட்டாதவர் என்ற பெயர் வந்துவிடுமே என்று.

நான்கு நாள்கூட அது இல்லாமல் இருக்க முடியாது என்ற பதில் வந்தால், அங்கே இருப்பது கொண்டாட்டம் அல்ல, நோய். இந்தியச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு தொடர்பான வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா உதவி எண் 14446. சென்னையில் 1980 முதல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் சிகிச்சை மையம் இயங்குகிறது. அப்படி ஒருவருக்காகப் பயணத்தையே தள்ளிப்போட்டால் முன்பதிவுப் பணத்தில் ஒரு பகுதி திரும்ப வராமல் போகலாம். அந்த இழப்பை உடன் போகவிருந்தவர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளலாம்.