பாஸ்கலின் விதியும் பந்தயமும்

கண்ணுக்குத் தெரியாத பிரேக் ஆயிலை நம்பி மலை இறங்குகிறவன் கண்ணுக்குத் தெரியாத கடவுளை நம்ப ஏன் தயங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இதை எடைபோட பிளேஸ் பாஸ்கலை (1623–1662) விடப் பொருத்தமானவர் இல்லை. அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்ற விதி அவருடையது. கடவுள் உண்டு என்று பந்தயம் கட்டுவதே விவேகம் என்ற வாதமும் அவருடையதுதான். ஒரே மனிதரிடம் பிறந்தாலும் இரண்டும் ஒரே வகை நம்பிக்கை அல்ல என்பது என் கட்சி.

1948இல் வந்த ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. அழுத்தம் குழாய் வழியே நான்கு வீல் சிலிண்டர்களுக்கும் போய், பிறை வடிவ ஷூக்களை விரித்து, சுழலும் டிரம்மின் உட்சுவரில் லைனிங்கை அழுத்துகிறது. சுழற்சியின் போக்கிலேயே ஷூ மேலும் இறுகுவதால், கால் கொடுத்த பலத்தைச் சக்கரமே கூட்டித் தருகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். உயிரையே பந்தயம் வைப்பதுபோலத் தோன்றும். ஓட்டுநரோ கிளம்பும் முன்பே பெடலை மிதித்துப் பார்க்கிறார். கெட்டியாக நின்றால் சரி. மெல்லக் கீழிறங்கினால் கசிவு. பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே ஏர். டயரின் உட்புறம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டரைக் கழற்ற வேண்டும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும், ஈரம் உறிஞ்சிய ஆயில் கொதித்து ஆவியாகும் என்பதும் தெரிந்ததால்தான் சின்ன கியரில் இறங்குகிறார். பாஸ்கலும் இயற்கை விஷயத்தில் பந்தயம் கட்டவில்லை; காற்றுக்கு எடை உண்டா என்று பார்க்க 1648இல் தன் மைத்துனரைப் பாதரசக் குழாயோடு புய் த டோம் மலைக்கு ஏறச் செய்தார். அறிவு தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அவரே ஒப்புக்கொண்ட இடத்தில்தான் பந்தயம் தொடங்குகிறது.

நேற்றுப் பிடித்த பிரேக் இன்றும் பிடிக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம், அதுவும் வெறும் நம்பிக்கைதானே என்று தத்துவவாதி டேவிட் ஹியூமின் வழியில் மறுக்கலாம். உத்தரவாதம் இல்லைதான். ஆனால் எது நடந்தால் தன் நம்பிக்கை பொய்க்கும் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். அந்தத் தெளிவிலிருந்துதான் பின்னாளில் இரட்டை ஆயில் சுற்று வந்தது. இன்னொரு மறுப்பு கூர்மையானது: நம்ப முடியாதவர்கள் முதலில் வழிபாட்டில் பழகட்டும், பழக்கம் நம்பிக்கையைக் கொண்டுவரும் என்றார் பாஸ்கல், ஓட்டுநரின் துணிச்சலும் பழக்கத்தில் வந்ததுதானே? உண்மை. ஆனால் பழக்கம் மாற்றுவது மனிதனை; குழாயை அல்ல. இருபது வருடத் துணிச்சல் ஒரு சொட்டுக் கசிவைக்கூட அடைக்காது. வழிபாட்டின் நோக்கமே மனிதனை மாற்றுவது என்றால் அங்கே பழக்கம் தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்குப் பிரேக்கின் சாட்சி தேவையில்லை.

ஆகவே பக்தியைச் சோதிக்க முடியாது என்பது பக்திக்கு இழுக்கல்ல. சோதனையில் தேறிய பொருளின் நற்பெயரை அது கடன் கேட்பதுதான் தவறு. இன்ன விரதம் இருந்தால் இன்ன நோய் தீரும் என்று ஒருவர் சொன்னால், அவர் பந்தயத்தை விட்டு விதியின் பக்கம் வந்துவிட்டார்; பெடலை மிதித்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.