டோமினோவின் வினை

என் உப்புநீர்த் தொட்டியில் ஒரு டோமினோ டாம்செல் இருக்கிறது. கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள். குஞ்சாக இருக்கும்போது கடற்சாமந்தியின் கைகளுக்குள் ஒளியும் இனம். வளர வளரப் புள்ளி மங்கும், மூர்க்கம் ஏறும். கோமாளி மீனின் வாலை இப்போது கிழித்து வைத்திருக்கிறது.

"துஷ்டப் பிறவி, தூக்கிப் போடுங்க மாப்பிள்ளை" என்கிறார் மாமனார். பிறவியே அப்படி என்றால் குற்றம் எங்கிருந்து வரும்? பவளப்பாறையில் தன் இடத்தைக் காப்பதுதான் அதன் பிழைப்பு. அங்கே துரத்தப்பட்ட மீன் ஓடிவிடும். இங்கே நாலடியில் கண்ணாடி.

பௌத்தம் எண்ணத்தையே வினை என்கிறது. சமணமோ எண்ணாமல் செய்த கொலையும் ஒட்டும் என்கிறது. எனக்குச் சமணத்தின் கண்டிப்பே சரியாகப் படுகிறது. அடைத்து வைத்தவன் 'நான் நினைக்கவில்லையே' என்று நழுவ முடியாது.

கடலில் விட்டால் புண்ணியமாம். தொட்டி நோயைக் கடலுக்குக் கொடுப்பதா புண்ணியம்? கிராம்பு எண்ணெயில் முடித்துவிடலாம் என்றார் நண்பர், கை வரவில்லை. பாறைகளைக் கலைத்து அடுக்கினால் எல்லை குழம்பி அடங்கும், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். அதனால் பொறிப்பெட்டியில் இறால் துண்டு வைத்திருக்கிறேன். பிடிபட்டால் கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கே விற்கும்படி கேட்டிருக்கிறேன், தலையாட்டினார்.