மணிக்கூண்டு எத்தனை அடி?



போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து சாங்கிரீஸ்தியில் நான் திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருக்கையில், வாலிபர் ஐந்தாறு பேர் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்கள். நம் மணிக்கூண்டை இன்னும் 40 அடி உயர்த்த வேண்டுமென்று அதில் எழுதியிருந்தது. காரணம் கேட்டேன். "சாமி, பஸ்ஸில் வருகிறவர்களுக்கு நம் கோயில் எங்கே இருக்கிறதென்றே தெரிவதில்லை" என்றான் ஒருவன். அது நல்ல காரணம். இன்னொருவன் சற்றே தயங்கி, "வாழப்பாடிப் பக்கம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-இல் 146 அடிக்கு முருகன் சிலை எழுப்பினார்கள். நாலு ஜில்லா ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள். நமக்கென்று ஒன்று வேண்டாமா?" என்றான். இந்த இரண்டாவது காரணந்தான் வாரமெல்லாம் என் மனதில் கிடந்து உறுத்துகிறது. அயலார் தங்கள் பக்தியினால் எழுப்பியதைப் பற்றி எனக்கு ஒரு குறையுமில்லை. அதற்குப் போட்டியாக நாம் எழுப்பப்போவது யாருக்காக என்பதே என் கேள்வி.

உயரமாய்க் கட்டுவது பாவமா? ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால், பாபேல் கோபுரத்தை நினைத்துக்கொண்டு, "ஆங்காரம், சாமி" என்று ஒரே குரலில் சொல்வார்கள். ஆனால் அந்த அதிகாரத்தை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். அந்த ஜனங்கள் தங்களுக்கு ஒரு பேர் உண்டாக வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறது. குற்றம் செங்கல்லிலும் இல்லை, அடிக்கணக்கிலும் இல்லை. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், பெருஞ்செலவில் பெருங்காரியம் செய்வதை ஒரு புண்ணியமாகவே எண்ணுகிறார். செமினாரியில் அதைப் படித்தபோது, இது தனவான்களுக்கு வசதியான புண்ணியமாயிருக்கிறதே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவசரப்பட்டுவிட்டேன். தன் சுயத்துக்காகச் செய்வதெல்லாம் சிறிய காரியமே, தேவ ஆராதனைக்கும் பொதுநன்மைக்கும் செய்வதே பெரியது என்றும், ஏழைக்கும் அந்த மனது இருக்கக்கூடும் என்றும் அவர் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

என் தகப்பனார் வாலிபத்தில் முதன்முதல் பட்டணம் போய்வந்ததைப் பற்றி ஆயுசுக்கும் பேசிக்கொண்டிருந்தார். செத்த காலேஜ், உயிர் காலேஜ் இரண்டும் பார்த்தாராம். அவற்றைவிட மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடத்தின் எதிரே நின்று, கழுத்து வலிக்க மாடிகளை எண்ணியதைத்தான் பெருமையாகச் சொல்வார். 177 அடி. 1959-இல் அது திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே அதற்கு மேல் உயர்ந்த மாடிக் கட்டடம் கிடையாது. அதைக் கட்டத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தம்முடைய யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷுரன்ஸ் கம்பெனிக்காக. வேலை தொடங்கியது 1953-இல். மறு வருஷமே சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் இன்ஷுரன்ஸ் கம்பெனிகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. நினைத்தவர் ஒருவர், முடித்தவர்கள் வேறு, பேர் இன்னொன்று. முதல் ஸ்தானமாவது நிலைத்ததா? பம்பாயில் 1961-இல் உஷா கிரண் எழும்பியதும் அதுவும் போயிற்று. 1975-இல் பெருந்தீ வேறு பிடித்தது.

ஆனாலும் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது, உபயோகத்தில் இருக்கிறது. பேர் போனதனால் அதற்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. குடும்பத் தலைவன் திடீரென்று இறந்துபோனால் வீட்டிலிருப்பவர்கள் கஞ்சிக்குத் தவிக்கக்கூடாது என்று பல்லாயிரம் பேர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்துக்குக் கணக்கு வைக்கிற ஸ்தாபனம் அது. அந்தக் கணக்கு சரியாயிருக்கும் மட்டும் உயரம் எத்தனையாவது என்று யார் கேட்கப்போகிறார்கள்? துபாயில் 2010-இல் திறந்த 828 மீட்டர் புர்ஜ் கலிபாவையும் ஒரு நாள் வேறொன்று தாண்டத்தான் போகிறது.

இன்னொரு கோபுரத்தைப் பற்றிச் சேசுநாதரே பேசியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று கேட்டு, இல்லையென்று அவரே மறுத்தார். 2014 ஜூன் 28-இல் சென்னைப் போரூருக்கு அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டபோது எனக்கு அந்த வசனந்தான் நினைவு வந்தது. ஆந்திரா, ஒடிசாவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அதில் அநேகர். நம் பங்கிலிருந்தும் பெங்களூருக்கும் சென்னைக்கும் கொத்தனாராய், சித்தாளாய்ப் போகிறவர்கள் உண்டு. மாதம் தவறாமல் ஒரு தாயார் தன் மகனுக்காகப் பூசை கேட்டு வருகிறார். எத்தனையாவது மாடியில் வேலை என்று ஒரு தடவை விசாரித்தேன். "அது தெரியாதுங்க சாமி. இடுப்பில் கயிறு கட்டியிருக்கானான்னு மட்டும் தினம் போனில் கேப்பேனுங்க" என்றார். உயரத்தைப் பற்றி நான் படித்த புத்தகம் எதிலும் இவ்வளவு தெளிவான பேச்சு இல்லை.

நம் பக்கத்து மேட்டூர் அணையையும் நினைத்துப் பாருங்கள். 1934-இல் முடிந்த இந்த அணை 214 அடி உயரம், 5,300 அடி நீளம். அதனால் அன்று முக்கியமாய்ப் பலன் பெற்றது தஞ்சை நாடு. பிற்பாடு கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்கள் வந்து நம் வயல்களும் நனைந்தன. ஆனால் நீர் தேங்கிய இடத்தில் ஊர்கள் இருந்தன. நீர்மட்டம் வெகுவாய் இறங்கும் வருஷங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். அந்தக் கோபுரங்களைக் கட்டியவர்களும் நம்மைப்போல அடிக்கணக்குப் பார்த்துத்தான் கட்டியிருப்பார்கள். இன்று அவை கண்ணில் படுகிறதென்றால் டெல்டா விவசாயிக்கு வயிற்றில் நெருப்பு என்று அர்த்தம். அவை மூழ்கிக் கிடப்பதே அவனுக்குச் சோறு. இதை நான் லேசாய்ச் சொல்லவில்லை. வீடும் கல்லறையும் விட்டுப்போன குடும்பங்களுக்கு அது சிறிய நஷ்டமல்ல. யாருடைய உயரத்துக்காக யார் தாழ்ந்துபோனார்கள் என்ற கணக்கையும் பார்க்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

ஆகையால் வாலிபர்களுக்கு என் பதில் இதுதான். பஸ்ஸில் வருகிறவர்களுக்காக, ரோட்டுமுனையில் ஒரு பெயர்ப் பலகையும் சிலுவைக்கு ஒரு விளக்கும் இந்த மாதமே வைத்துவிடலாம். மணிக்கூண்டை உயர்த்துவதற்கு நான் விரோதியல்ல. தெற்குத் தெருக் குடிசைகள் வரை மணியோசை எட்டுவதில்லை என்பது எனக்கும் தெரியும். அதற்காக என்றால் நானே முதல் காணிக்கை போடுகிறேன். ஆனால் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானோ என்று ஆண்டவரே கேட்டிருக்கிறாரே. பழைய அஸ்திவாரம் இன்னும் 40 அடியைத் தாங்குமா? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை இந்தியா முழுவதும் அனுப்பி ஆழம் பார்க்கிற சீமையில் இருந்துகொண்டு, நம் கோயிலுக்கு அடியில் எத்தனை அடியில் பாறை என்று ஒருவருக்கும் தெரியவில்லை!

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் இஞ்சினீயர் ஒருவர் வந்து பார்ப்பார். சாரம் கட்டுகிறவர்களுக்குக் கயிறும் தலைக்கவசமும் வாங்கும் செலவை மதிப்பீட்டில் முதல் வரியில் எழுதும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். காகிதம் கொண்டுவந்த தம்பிமார்கள் அவசியம் வரவேண்டும். பூசை கேட்கும் அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பங்குச் சாமியார்