ஊர்ப் பெண்களின் பரிந்துரை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மவுண்ட் பிளசன்ட் என்றொரு சிற்றூர். அங்கிருந்த கல்லூரியில் 1869இல் ஏழு மாணவிகள் கூடி பி.இ.ஓ. என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். தோழிகளின் வட்டமாக இருந்தது, 1907இல் பெண்களுக்கான கல்விக் கடன் நிதியை ஏற்படுத்தியது. அந்த நாட்டின் அரசியல் சட்டம் பெண்களின் வாக்குரிமையை உறுதிசெய்ய இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன! ஒருத்தி திருப்பிக் கட்டிய பணம் அடுத்தவளின் படிப்புக்குப் போனது.

2009இல் பள்ளி இறுதியாண்டு மாணவிகளுக்கும் உதவித்தொகை வந்தது. இதில் என் மனத்தைத் தொட்டது அதன் நடைமுறை. மாணவி தனியாக மனுப் போட்டால் போதாது; உள்ளூர்க் கிளை அவளைப் பரிந்துரைக்க வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் அவளை அறிந்து, அவளுக்காக முன்வந்து கடிதம் எழுத வேண்டும். மதிப்பெண் பட்டியலில் ஏறாத எத்தனையோ விஷயங்கள் அந்தக் கடிதத்தில் ஏறும். பதினேழு வயதுப் பெண்ணுக்கு, வீட்டாரல்லாத சிலர் 'இவள் படிப்பாள், நாங்கள் சொல்கிறோம்' என்று எழுதித் தருவதை நான் பணத்துக்கும் மேலாகவே மதிக்கிறேன்.

சங்கம் பிறந்த கல்லூரி 2023இல் மூடப்பட்டது. கிளைகள் இன்றும் மாணவிகளைப் பரிந்துரைத்து வருகின்றன.