சரீரம் வகுக்கும் அதிகாரம்

ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே சென்று தியாகேசரை வழிபட்டு வந்த இராமலிங்க அடிகள், பின்னாளில் கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் சன்மார்க்கத்தின் அடிப்படையாக வைத்தார். அவர் நடந்த வடசென்னையில், இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையில், ஞாயிறுதோறும் ஆட்டிறைச்சிக் கடைகளின் முன் ஜனங்கள் திரண்டு நிற்கின்றனர். புலால் உண்ணலாமா கூடாதா என்னும் இந்தப் பழைய வழக்கை நான் இங்கே தீர்க்க முற்படவில்லை. உண்பவரும் உண்ணாதவரும் ஒருங்கே விசாரிக்க வேண்டிய வினா வேறொன்று உண்டு: ஒரு ஜீவன் கருக்கொள்ளும் முன்பே, அதன் சரீரம் எப்படி அமைய வேண்டும் என்று நம் பிரயோஜனம் கருதி விதிக்கும் அதிகாரம் நமக்கு உண்டா?

மீஞ்சூர், பொன்னேரி வழியே திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் மேயும் செம்மறிக்குச் சென்னைச் சிவப்பு என்று பெயர். கம்பளியில்லாத குட்டை ரோமம். வெளிர்பழுப்பு முதல் கரும்பழுப்பு வரையிலான நிறம். சிலவற்றுக்கு நெற்றியிலும் தொடையின் உட்புறத்திலும் வெள்ளைத் திட்டு. கடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெட்டைக்கோ கொம்பில்லை. கடலோரப் புழுக்கத்தைத் தாங்கி, அறுவடை முடிந்த வயல்களில் நடந்து மேய்வதற்கென்றே அமைந்த உடல் இது. குட்டிகள் மெல்லவே எடை கூடும். மந்தைக்காரரின் கவலையும் அதுவே.

நம் நாட்டின் வேறு செம்மறி இனங்களுக்கும் உள்ள இக்கவலையைத் தீர்க்கும் பொருட்டு 1970களில் ஆந்திரத்துப் பலமனேரில் நெல்லூர், மாண்டியா இனங்களோடும், ராஜஸ்தானத்து அவிகாநகரில் மால்புரா, சோனாடி இனங்களோடும், இங்கிலாந்தின் இறைச்சி இனங்களான டார்செட்டையும் சஃபோக்கையும் ஆராய்ச்சியாளர்கள் கலந்து பார்த்தார்கள். கொட்டிலும் அடர்தீவனமும் கொடுத்து வளர்த்தால் கலப்பினக் குட்டி விரைந்து பருக்கும். ஆனால் குளிர் நாட்டுக்கு ஏற்ற கம்பளியையும் பருமனையும் சுமந்துகொண்டு நம் வெயிலில் காய்ந்த புல்லைத் தேடி நடக்கும்படி விட்டால், தந்தை வழியாக வந்த அந்தச் செல்வமே அதற்குத் துன்பமாகிவிடுகிறது. கடாவின் பருமன் மிகுந்து தாயாடு சிறுத்திருந்தால் ஈற்றிலும் இடர் நேரும். சென்னைச் சிவப்பைப் பொறுத்தவரை, காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தார் அவ்வினத்துக்குள்ளேயே நன்கு வளர்ந்த பொலிகடாக்களைத் தெரிந்தெடுத்து மந்தைகளை மேம்படுத்தும் வழியைக் கைக்கொண்டிருக்கின்றனர்.

எப்படியும் கத்திக்குப் போகும் ஆட்டுக்கு இத்தனை விசாரம் எதற்கு என்று கேட்கலாம். மரணம் அதற்கு ஒரு கணம். சரீரமோ அது மூச்சு விடும் நேரமெல்லாம் உடனிருப்பது. இராயபுரத்து இஸ்லாமியர் குர்பானிக்கு ஊனமற்ற ஆட்டையே தேர்கின்றனர். அறுக்குமுன் கத்தியைத் தீட்டி, ஆட்டின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் மார்க்கத்தின் கட்டளை. சாகும் கணத்துக்கே இத்தனை கடமை உண்டெனில், வாழும் நாளெல்லாம் அதை வருத்தக்கூடிய உடலைக் கொடுத்தவனுடைய கடமை எத்தனை பெரிது!

மந்தைக்காரரின் வறுமையும் காருண்யத்துக்கு உரியதே. ஆகையால் அபிவிருத்தி கூடாதென்று நான் சொல்லவில்லை. தெரிந்தெடுத்தாலும் கலந்தாலும் அளவுகோல் ஒன்றே: கூடிய எடையை அந்த ஆடு தன் கால்களில், தன் மண்ணில், தன் வெயிலில் நோயின்றித் தாங்க வேண்டும்; தாயாடு வருந்தாமல் ஈன வேண்டும். நிழலும் தீவனமும் தர இயலாதவன் அவை இன்றி வாழ முடியாத உயிரைப் பிறப்பிப்பது அதர்மம். அது எவ்வளவு லாபம் தந்தாலும் அதர்மமே.