ஓட்டுக்குள் உறையும் உயிர்



கண்ணும் செவியும் அற்ற சிப்பியை உண்டால் குற்றம் யாது என வினவும் இளைஞர் நம் இல்லங்களிலும் உளர். வெகுளாது விடை கூறுதல் பெரியோர் கடமையாகும்.

தொல்காப்பிய மரபியல் நத்தையினத்தை ஈரறிவுயிராகவும், நண்டினை நான்கறிவுயிராகவும் வகுக்கின்றது. நம் ஆகமங்களும் சங்கு, சிப்பி ஆகியவற்றை மெய், நா என்னும் இருபொறி உடையனவாகக் கொள்கின்றன. இன்றைய விலங்கியலும் சிப்பியை மெல்லுடலி என்னும் விலங்கினத்திலேயே வைக்கின்றது. அதற்கு மூளை இல்லை; எனினும் நரம்பு முடிச்சுகள் உண்டு; தீண்டினால் ஓட்டை மூடிக்கொள்கிறது. 2022ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் நண்டையும் இறாலையும் உணர்வுடைய விலங்குகளாக ஏற்றது, சிப்பியை ஏற்கவில்லை. நமக்கோ அஃது எல்லையன்று. ஓரறிவுயிரைத் தேவைக்கு மிகாது பயன்கொள்ளும் இல்லறத்தான், ஈரறிவு முதலாகிய இயங்குயிர்களை மனமறிந்து கொல்லாதிருத்தலே அஹிம்சை அணுவிரதம். ஆகவே அவ்விரதத்தின் எல்லைக்கோடு சிப்பியில்தான் தொடங்குகின்றது.

ஆயினும், உண்ணாமை ஒன்றாலேயே நம் அறம் நிறைவுறுமோ?

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலொடு கலக்குமிடத்தில் முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் அக்கழிமுகத்தில் பரவியது. நீர்வாழ் உயிர்கள் மடிந்தன. அலையாத்தி மரங்கள் கருமை பூண்டன. வலையும் படகும் பாழாயின. தென் அமெரிக்கக் கரைகளுக்குரிய 'காக்கா ஆழி' என்னும் சிப்பியினமும் அங்குப் பெருகி, ஆற்றுப்படுகையை மூடி, மஞ்சள் மட்டியையும் இறாலையும் நெருக்கிவிட்டது. கப்பல்கள் சுமந்துவரும் நிலைப்பு நீரோடு அது வந்ததாகக் கருதுகின்றனர்.

இவ்வுயிர்களை உண்ண எண்ணி எவரும் கொல்லவில்லை. ஆனால் கருத்தின்மையால் உயிரைப் பிரித்தலே ஹிம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கின்றது. அந்த எண்ணெயில் ஓடும் வண்டியும், அத்துறைமுகங்களில் இறங்கும் பொருளும் நம் இல்லங்களிலும் உள்ளன அல்லவா? வலை வீசிப் பிழைக்கும் எளியவரை இகழ்ந்துவிட்டு, நம் கை தூயது என்று இறுமாத்தல் சாவகர்க்கு அழகன்று.

எனவே, பழைய எஞ்சின் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதிருப்போம். சுண்ணாம்புச்சத்து மாத்திரை சிப்பி ஓட்டினால் ஆனதோ எனக் கேட்டு வாங்குவோம். தேவைக்கு மிஞ்சிய நுகர்வைக் குறைப்போம். பிரதிக்கிரமணத்தின்போது, நாம் கண்ணால் காணாத ஈரறிவுயிர்களையும் நினைந்து பொறுத்தருள வேண்டுவோம்.

வாழ்க ஜினதருமம்!