யார் பட்ட கடன்?

1825 ஜூலையில் ஹைட்டியின் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸுக்கு எதிரே 14 பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. மன்னர் பத்தாம் சார்லஸின் ஆணையோடு இறங்கிய தூதர், ஹைட்டியின் விடுதலையை பிரான்ஸ் ஏற்பதற்கு ஒரு விலை சொன்னார்: 15 கோடி ஃபிராங்க். அடிமைகள் போரிட்டு வென்று, 1804-ல் சுதந்திரம் அறிவித்த நாடு அது. பறிபோன தோட்டங்களுக்கும், அந்தத் தோட்டங்களின் சொத்துக் கணக்கில் இருந்த அடிமைகளுக்கும் சேர்த்துப் பழைய முதலாளிகளுக்கு இழப்பீடு தர வேண்டுமாம். விடுதலை பெற்ற மனிதர்கள் தங்கள் உடலுக்குத் தாங்களே விலை கட்ட வேண்டியிருந்தது.

முதல் தவணை 3 கோடி. கஜானாவில் அவ்வளவு இல்லை. பாரிஸ் வங்கியாளர்களிடமே கடன் வாங்கினார்கள். பத்திரத்தில் எழுதிய தொகை 3 கோடி, கைக்கு வந்தது 2.4 கோடி. மீதியை வங்கியாளர்கள் முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். 1838-ல் இழப்பீட்டின் பாக்கி குறைக்கப்பட்டு, மொத்தம் 9 கோடியானது. அதைக் கட்டுவதற்கு ஒரு கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொன்று என்று 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஹைட்டி இழுபட்டது. காப்பிக்கொட்டை ஏற்றுமதியின் வரிப்பணம் பள்ளிக்கும் சாலைக்கும் போகாமல் கப்பலேறியது. இன்று அந்தத் தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருக்கிறது. இதற்கெல்லாம் அந்த ஒரு கடன்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உள்நாட்டு சர்வாதிகாரிகளுக்கும் அந்நியப் படையெடுப்புக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரு அரசு வேரூன்ற வேண்டிய காலத்தில் அதன் வருமானம் வெளியே போனது என்பதை மறுக்க முடியாது.

வாங்கிய கடனைத் திருப்பித் தருவது அறம். இதில் எந்த மதத்துக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மதங்கள் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடவில்லை. எதற்காக வாங்கியது, யார் அனுபவித்தது, கட்ட வேண்டியவன் பிழைத்துக் கிடப்பானா என்ற கேள்விகளையும் அவை கேட்டன. வளரும் நாடுகளின் கடனைப் பேசும்போது நிதியமைச்சகங்கள் கேட்க மறப்பது இவற்றைத்தான்.

தர்மசாஸ்திரங்கள் தந்தையின் கடனை மகன் தீர்ப்பதைக் கடமையாக்கின. கூடவே விலக்கும் வைத்தன. குடிக்கும் சூதாட்டத்துக்கும் தந்தை வாங்கிய கடன் மகனைச் சேராது. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் மனுஸ்மிருதியில் இருக்கிறது. சாதிக்கொரு நீதி சொன்ன அந்த நூலுக்குக்கூட, பொறுப்பில்லாதவன் பட்ட கடன் அடுத்த தலைமுறையை அழுத்தக் கூடாது என்று தோன்றியிருக்கிறது.

இதே கருத்தை நாடுகளுக்குப் பொருத்தியவர் ரஷ்ய சட்ட அறிஞர் அலெக்சாண்டர் சாக். மக்களின் ஒப்புதலின்றி, மக்களுக்குப் பயனின்றி, கடன் கொடுத்தவருக்கும் அது தெரிந்தே வாங்கப்பட்ட கடன் அந்த ஆட்சியோடு போய்விட வேண்டும் என்று 1927-ல் எழுதினார். சர்வாதிகாரி மொபுட்டு ஆண்ட ஜையர் (இன்றைய காங்கோ) இதற்கு அப்படியே பொருந்தும். அந்நாட்டு மத்திய வங்கிக்கு சர்வதேச நாணய நிதியம் அனுப்பிவைத்த எர்வின் புளூமெந்தால், அங்கே ஊழல் தலைவிரித்தாடுகிறது, கொடுத்த பணம் திரும்பாது என்று 1982-ல் அறிக்கையே கொடுத்தார். அதன் பிறகும் கடன் போய்க்கொண்டிருந்தது. 1997-ல் மொபுட்டு துரத்தப்பட்டபோது, அந்தச் சுமை காங்கோ மக்களின் தலையில் இறங்கியது. தெரிந்தே கொடுத்தவர்களுக்கு அதில் பங்கில்லையா?

யூத மரபில் ஏழாண்டுக்கு ஒருமுறை கடன் தள்ளுபடி உண்டு; ஐம்பதாவது ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுப்பது இன்னும் நல்லது என்கிறது குர்ஆன். ஆனால் தள்ளுபடியின் மறுபக்கத்தையும் யூத அறிஞர்கள் கண்டார்கள். ஏழாவது ஆண்டு நெருங்கினால் பணமுள்ளவர்கள் ஏழைக்குக் கடன் தரவே மறுத்தார்கள். அதனால் ஹில்லேல் என்ற குரு, கடன் பத்திரத்தை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்து வசூலிக்க வழிசெய்தார். ஏழைக்குக் கடன் கிடைக்காமல் போவதும் கொடுமைதான் என்று அவர் கருதினார். கடன் ரத்து கேட்பவர்கள் இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது.

ஜாம்பியாவின் கதையில் இரண்டு பக்கமும் தெரிகின்றன. ஐம்பதாம் ஆண்டு விடுதலை என்ற விவிலியக் கருத்தைக் கையிலெடுத்த 'ஜூபிலி 2000' இயக்கத்துக்காக, 1998 மே மாதம் பர்மிங்காமில் சுமார் 70,000 பேர் கைகோர்த்து நின்றார்கள். அந்த அழுத்தம் வீண்போகவில்லை. 2005-06-ல் ஜாம்பியாவின் வெளிக்கடனில் பெரும்பகுதி ரத்தானது. 2006 ஏப்ரலில் கிராமப்புற அரசு சுகாதார நிலையங்களில் நோயாளிகளிடம் வாங்கிய கட்டணம் நீக்கப்பட்டது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. விவசாய இயந்திரங்கள் வாங்க ருமேனியாவிடம் ஜாம்பியா 1979-ல் பட்ட கடனை, டோனகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் 1999-ல் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கி வைத்திருந்தது. பிறகு 5.5 கோடி டாலர் கேட்டு லண்டன் நீதிமன்றம் ஏறி, 2007-ல் சுமார் 1.5 கோடி பெற உத்தரவு வாங்கியது. மற்றவர்கள் விட்டுக்கொடுத்ததால் மிச்சமான பணத்தில் இவர்கள் கைவைத்தார்கள். இப்படிப்பட்ட வசூலைக் கட்டுப்படுத்த பிரிட்டன் 2010-ல் சட்டமே போட்டது.

ஜாம்பியாவும் சும்மா இருக்கவில்லை. 2012 முதல் 2015 வரை மூன்று முறை சர்வதேசச் சந்தையில் கடன் பத்திரம் விற்று 300 கோடி டாலர் திரட்டியது. சீனாவிடமும் வாங்கியது. 2020 நவம்பரில் வட்டி கட்ட முடியாமல் கைவிரித்தது. இரண்டு ஆண்டுக்குள், 2022 ஏப்ரலில், இலங்கையும் அதே நிலைக்கு வந்தது. பொருளாதாரச் சீரழிவுக்கு ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் பொறுப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் எரிவாயு சிலிண்டருக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த சாதாரணக் குடும்பங்கள்.

கொடுத்தவரும் பொறுப்பேற்க முடியும் என்று காட்டிய நாடு ஒன்று உண்டு. தன் கப்பல் கட்டும் தொழிலைக் காப்பாற்றவே ஏழை நாடுகளுக்குக் கடனில் கப்பல்களைத் தள்ளிவிட்டதாக நார்வே 2006-ல் ஒப்புக்கொண்டது. எகிப்து, ஈக்வடார், பெரு, ஜமைக்கா, சியரா லியோன் ஆகிய ஐந்து நாடுகள் தர வேண்டிய சுமார் 8 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது. தர்மம் செய்கிறோம் என்று சொல்லாமல், தவறில் எங்களுக்கும் பங்கு என்று சொன்னதுதான் முக்கியம்.

ஒரு வியாபாரி நொடித்துப்போனால் மஞ்சள் கடுதாசி கொடுக்கலாம். கடன் கொடுத்தவர்கள் எல்லாரையும் ஒரே நீதிமன்றத்தில் உட்காரவைத்துக் கணக்குத் தீர்க்கச் சட்டம் உண்டு. நாடுகளுக்கு அப்படி ஒரு மன்றம் கிடையாது. ஜாம்பியா தன் கடன் பத்திரக்காரர்களோடு உடன்பாடு முடிக்க 2024 ஜூன்வரை ஆனது. 2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை நாடுகளின் கடன் சீரமைப்புக்கு ஒன்பது நெறிகளை ஏற்றது: 136 நாடுகள் ஆதரித்தன, 41 ஒதுங்கின, எதிர்த்தவை ஆறு. அந்த ஆறில் அமெரிக்காவும் பிரிட்டனும் அடக்கம். நாடுகள் சர்வதேசச் சந்தையில் விற்கும் கடன் பத்திரங்களில் பெரும்பாலானவை நியூயார்க் சட்டத்தின்கீழோ இங்கிலாந்துச் சட்டத்தின்கீழோ எழுதப்படுகின்றன. ஆகவே பணம் எதற்குப் போனது, கொடுத்தவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று நீதிபதி கேட்டே ஆக வேண்டும் என்ற விதியை அந்த இரண்டு இடங்களின் சட்டமன்றங்கள் இயற்றினாலே பேரம் மாறும். பர்மிங்காமில் கைகோர்த்தவர்களைப் போல, அங்கே வாக்குரிமையுள்ள மதத்தவர்கள் இன்று கேட்க வேண்டியது இதைத்தான்.